கதவடியில் வந்த சீட்டு

மேசைமேல் அந்தப் பெண் வைத்த சீட்டு உள்ளங்கை அளவுகூட இல்லை. எட்டாக மடித்துப் பிரித்த தடம் அதில் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. வைத்த பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை. விட்டால் பறந்துவிடும் என்பதுபோல அழுத்திப் பிடித்திருந்தாள்.

துப்பறிவாளர் நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

'தங்கள் வீட்டிலிருந்து வரும் தட்டும் சத்தம் அண்டை வீட்டாருக்கு இடைஞ்சலாக உள்ளது. தயவுசெய்து உடனே நிறுத்தவும். ஞாயிறு, பிற்பகல் 3.10.'

கீழே பெயர் இல்லை. கையெழுத்தும் இல்லை.

"எங்கப்பா சட்டைப் பையில இருந்துச்சு," என்றாள். "இதுக்கு யார் காரணம்னு எனக்குத் தெரியணும். போலீஸ்ல இதுல குற்றம் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. இருக்கட்டும். அந்த முகத்தை ஒரு தடவை நேர்ல பார்த்தாப் போதும் எனக்கு."

அவள் அப்பாவைத் தெருவில் எல்லோரும் கேப்டன் என்பார்கள். உண்மையில் அவர் துறைமுகத்தில் பைலட்டாக இருந்தவர். வெளிக்கடலில் வந்து நிற்கும் கப்பல்களில் ஏறி, பாறையில் இடிக்காமல் உள்ளே கூட்டிக்கொண்டு வருவது அவர் வேலை. ஓய்வு பெற்றதும் நகரத்து இரைச்சல் போதும் என்று இந்தப் புறநகருக்கு வந்து, பன்னிரண்டாம் எண் வீட்டில் தனியாக இருந்தார். மகளுக்கு வேலை வெளிநாட்டில்.

போன சனிக்கிழமை நண்பகல், வாசல் கதவை ஒட்டிய நடையில் கால் இடறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஃபோன் மாடியில் இருந்தது. கத்திப் பார்த்தார், குரல் எழும்பவில்லை. கைக்கு எட்டியது கைத்தடி ஒன்றுதான். அதன் இரும்பு முனையால் சுவரோரம் போகும் தண்ணீர்க் குழாயைத் தட்டினார். சனிக்கிழமை மிச்சப் பொழுதெல்லாம் தட்டினார். ஞாயிற்றுக்கிழமையும் தட்டினார். பூச்சாடியைத் தடியால் இழுத்துச் சாய்த்து, அதில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தார். செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த ஆள்தான் ஜன்னல் வழியாக அவரைக் கண்டு, கதவை உடைக்க ஆள் கூட்டினார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் கதவுக்கு அடியில இந்தச் சீட்டு உள்ள வந்திருக்கு," என்றாள் மகள். "அப்பா எடுத்துப் படிச்சிருக்காரு. படிச்சிட்டுத் தட்டுறதை நிறுத்திட்டாரு."

"நிறுத்திட்டாரா?"

"ஏம்ப்பா நிறுத்தினீங்கன்னு கேட்டேன். 'ஞாயித்துக்கிழமை, எல்லாரும் ஓய்வா இருக்கிற நேரம். தொந்தரவா இருக்குன்னு எழுதியே கொடுத்துட்டாங்க. அதுக்கு மேலயும் தட்டினா நல்லா இருக்குமா'ன்னாரு. அவருக்கு வெட்கமாப் போச்சாம். செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்படியே சும்மா கிடந்திருக்காரு."

 ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கியர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டாள். 

கியர் என்று எல்லோரும் கூப்பிடும் அவள் துப்பறிவாளரின் சித்தி மகள். நாற்பது வயது. பதினோரு வருடம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தவள். மூன்று வருடமாக அண்ணனுக்கு உதவியாளர். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் விபத்துகளை விசாரித்துவிட்டு வந்தவர் அவர். பொய் சொல்கிறவர்களின் கழுத்து எங்கே சிவக்கும் என்று அவருக்குத் தெரியும். வண்டி ஓட்டுகிறவர்கள் எப்போது பயப்படுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்து தொழில் நடந்தது.

"நீங்க எதிர்வரிசையிலதானே இருக்கீங்க?" என்றாள் மகள். "உங்களுக்கு ஒண்ணும் கேட்கலையா?"

"ஞாயித்துக்கிழமை நான் தூங்கிட்டிருந்தேம்மா. பதினஞ்சாம் நம்பர்ல வீடு கட்டுறாங்க. அந்தத் தச்சு வேலைச் சத்தம்தான் கேட்டுது. வேற எதுவும் இல்லை."

அப்படி நினைத்துத்தான் சொன்னார்.

"குடியிருப்போர் சங்கத்துல விசாரிச்சீங்களா?"

"செயலாளரைக் கேட்டேன். எங்க நோட்டீஸ்னா அச்சடிச்சு முத்திரை வச்சிருக்கும், இது யாரோ தனி ஆள் வேலைன்னு கை கழுவிட்டாரு." அவள் எழுந்தாள். "நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில இருப்பேன். அதுக்குள்ள தெரிஞ்சாச் சொல்லுங்க."

அவள் போனதும் கியர் சீட்டை முனையில் பிடித்துத் தூக்கினாள். "எழுத்து முத்து முத்தா இருக்கு. இவ்வளவு அசிங்கமான காரியத்துக்கு இவ்வளவு அழகான கையெழுத்தா."

"எழுத்தை விடு. மையைப் பாரு."

"நீலம்."

"பேனா நீலம் இல்லை. கார்பன் நீலம். இது நகல். அசல் எங்கேயோ பத்திரமா இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் மேல எரிச்சல்ல எழுதுறவன் எவனாவது கார்பன் வச்சு எழுதுவானா? எழுதினதுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவங்கதான் நகல் எடுப்பாங்க. இன்னொண்ணு, மேல் விளிம்புல பழுப்பா ஒரு கோடு இருக்கு பாரு."

"துரு."

"கிளிப் துரு. வீட்டுக்குள்ள இருக்கிற கிளிப் இப்படித் துருப்பிடிக்காது. கடல் காத்து படுற இடத்துல எப்பவும் தொங்குற அட்டை."

கியர் கண்ணை மூடித் தெருவை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். "கேப்டனுக்குப் பக்கத்து வீட்டு வயலின் டீச்சர். வராந்தாவுலதான் வகுப்பு. வருகைப் பட்டியல் கிளிப் அட்டையில தொங்கும். பசங்க வீட்டுக்குக் கொடுத்து விடுற குறிப்பெல்லாம் கார்பன்லதான் எழுதுவாங்க. அதுவுமில்லாம சத்தம்னா அந்தம்மாவுக்கு ஆகாது. போன மாசம் ஒரு காக்காவையே மிரட்டினாங்க."

இருவரும் கிளம்பினார்கள்.

பகல் பதினொரு மணிக்கும் அந்தத் தெரு தூங்கி எழாத மாதிரிதான் இருக்கும். நகரத்திலிருந்து ரயிலில் இருபத்தைந்து நிமிடம். கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எல்லா இரும்புக் கதவிலும் அது தன் கைவரிசையைக் காட்டியிருக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை வண்ணம் அடித்தாலும் கீல்கள் பழுப்பாகக் கசியும். ஒரே மாதிரி மதில், ஒரே உயரத்துக்கு வெட்டிய செடிகள், இழுத்து மூடிய திரைச்சீலைகள். காரில் போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினால் அதுதான் நலம் விசாரிப்பு. துப்பறிவாளர் இந்தத் தெருவைத் தேடிப் பிடித்து வந்ததே அதற்காகத்தான். நசுங்கிய வண்டிகளையும் அழுகிற மனிதர்களையும் பார்த்துப் பார்த்து அலுத்தவருக்கு, யாரும் யார் கதவையும் தட்டாத ஓர் இடம் தேவைப்பட்டது.

வயலின் டீச்சர் அறுபதைத் தாண்டியவர். காதில் பென்சில் செருகியிருந்தார். வராந்தாச் சுவரில் கிளிப் அட்டை தொங்கியது. துப்பறிவாளர் அதைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு சந்தேகம் செத்தது. பட்டியலில் இருந்த எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குஸ்தி போட்டுக்கொண்டிருந்தன.

சீட்டைப் படித்ததும் டீச்சர் மூக்கை உறிஞ்சினார். "நான் எழுதிக் கொடுக்கிற ஆளா? பிடிக்கலைன்னா மதில்ல எட்டிப் பார்த்து நேராக் கத்திடுவேன்."

"அது வாஸ்தவம்," என்றாள் கியர். "என் ஹார்னுக்கு ரெண்டு தடவை திட்டு வாங்கியிருக்கேன்."

"மூணு தடவை."

"டீச்சர், நீங்க கேட்டீங்களா அந்தச் சத்தத்தை?" என்றார் துப்பறிவாளர்.

டீச்சர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். மறுபடி செருகினார். "கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு நடக்கும்போது. அஞ்சு தட்டு, சின்ன இடைவெளி, மறுபடி அஞ்சு தட்டு. நூல் பிடிச்ச மாதிரி. என் மாணவங்கள்ல ஒருத்தர்கூட அப்படித் தாளம் தப்பாம வாசிச்சது கிடையாது. நான்..." அவர் குரல் இறங்கியது. "நான் வகுப்பை நிறுத்தி, அதோ கேளுங்க, அதுக்குப் பேர்தான் தாளம்னு பசங்களுக்குக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் விழுந்து கிடந்திருக்காரு. நான் இந்தப் பக்கம் பாடம் நடத்திட்டிருந்திருக்கேன்."



"வேலை தெரிஞ்ச ஆள் யாரோ தட்டுறாங்கன்னு தோணுச்சு," என்றார் டீச்சர். "யாருன்னு போய்ப் பார்க்கத் தோணலை. இந்தத் தெருவுல யாருக்குத் தோணும், சொல்லுங்க. செவ்வாய்க்கிழமையில இருந்து நான் வயலினைத் தொடலை."

வெளியே வந்த துப்பறிவாளர் வாசலிலேயே நின்றார். ஐந்து தட்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் தலையணையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு படுத்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. தூக்கம் பிடிக்காமல் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மறுபடி ஒன்று. தச்சன் ஆணி அடிப்பதானால் ஒரு சமயம் மூன்று அடிப்பான், ஒரு சமயம் ஒன்பது அடிப்பான். இருபத்திரண்டு வருடம் மற்றவர்கள் பொய்யை எண்ணிப் பிடித்தவருக்கு, இது அப்போது உறைக்கவில்லை.

"பதினஞ்சாம் நம்பரைப் பார்த்துட்டுப் போகலாம்," என்றார்.

"அங்க எதுக்கு?"

"சும்மா."

கட்டி முடிக்காத அந்த வீட்டின் தகரக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. ஒட்டியிருந்த அறிவிப்பு, அனுமதி வரும்வரை வேலை நிறுத்தம் என்றது. தேதி மூன்று வாரம் பழையது. கதவுக்கும் தூணுக்கும் நடுவில் சிலந்தி ஒன்று நிதானமாக வலை கட்டி முடித்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை இங்க வேலை பார்த்தது இவர்தான் போல," என்று சிலந்தியைக் காட்டினாள் கியர். "சத்தமே வராதே அண்ணா இவர்கிட்ட இருந்து." சிரித்துக்கொண்டே திரும்பியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னாச்சு? மேட்டுல மூணாவது கியர்ல ஏறுற வண்டி மாதிரித் திணறுறீங்க."

"ஒண்ணுமில்லை. காவல் அறைக்குப் போகலாம். கிளிப் அட்டை வெளியில தொங்குற இன்னொரு இடம் அதுதான்."

இப்போது அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது. படுக்கையிலிருந்து கையை நீட்டி ஃபோனை எடுத்தது நினைவுக்கு வந்தது. யாரிடம் பேசினார், என்ன பேசினார் என்பதுதான் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. அவரைப் போல இன்னும் நாலு பேராவது அன்று ஃபோன் பண்ணியிருப்பார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. நாலு பேரில் ஒருவராக இருந்துவிட்டால்கூடப் போதும் என்று ஆசைப்பட்டது. அந்த ஆசையை நினைத்தும் அவருக்குக் கூசியது.

தெருமுனையில் மூன்று பக்கம் பலகையும் ஒரு பக்கம் திறப்புமாக நின்றது காவல் அறை. ஆணியில் அட்டை, அட்டையில் துருப்பிடித்த கிளிப். காவலாளி எழுந்து நின்றார். ஐம்பது வயது. முன்பு கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். கம்ப்யூட்டரில் பலகை அடிக்கத் தொடங்கிய பிறகு இந்த வேலைக்கு வந்தவர்.

"ஐயோ, இதை நான் எழுதலைங்களே," என்றார், சீட்டைப் பார்த்ததும்.

கியர் அவர் தலைக்கு மேலிருந்த பலகையை அண்ணாந்து படித்தாள். "'வண்டிகளை இங்கே நிறுத்தாதீர்.' இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"அந்த 'று'வைப் பாருங்க. கடைசியில பூனை வால் மாதிரி ஒரு சுழி. சீட்டுல 'நிறுத்தவும்', 'ஞாயிறு', ரெண்டு இடத்துலயும் அதே பூனை. உங்க பூனையை உங்களுக்கே அடையாளம் தெரியலையா?"

காவலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. மெல்ல உட்கார்ந்தார்.

"ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் ஞாயித்துக்கிழமை யார் வீட்டு மணியும் அடிக்கக் கூடாதுன்னு சங்கத்து விதி. அதனாலதான் சீட்டு எழுதினேன். சத்தத்தைத் தேடிக்கிட்டே போனேன், பன்னிரண்டாம் நம்பர்ல கேட்டுது. அவர் சின்னச் சின்னக் கப்பல் பொம்மை செய்வாரு, அந்த வேலையா இருக்கும்னு நினைச்சேன். சங்கத்துக்குக் கணக்குக் காட்ட அசலை வச்சுக்கிட்டு, நகலைக் கதவுக்கு அடியில தள்ளினேன். ரெண்டு நிமிஷத்துல சத்தம் நின்னுடுச்சு." அவர் உள்ளங்கைகளால் முகத்தைத் தேய்த்தார். "நல்ல மனுஷன், சொன்னதும் கேட்டுக்கிட்டாரேன்னு சந்தோஷமாத் திரும்பி வந்தேங்க. நடுவுல ஒரு கதவுதான். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்."

"யார் புகார் கொடுத்தது?" என்றார் துப்பறிவாளர். 

காவலாளி அவரைப் பார்த்தார். பிறகு கியரைப் பார்த்தார். "வேண்டாம் சார். நானே எழுதினேன்னு சொல்லிடுங்க. சங்கத்துல எப்படியும் எனக்குத்தான் வேலை போகும்."

"யாரைக் காப்பாத்துறீங்க?" என்று கியர் கேட்டாள். "அவ்வளவு பெரிய ஆளா?"

"சார் எல்லாம் தெரிஞ்சுதான், நான் வெளியில சொல்வேனான்னு பார்க்க வந்திருக்காருன்னு நினைச்சேன்."

கியர் அட்டைக்குக் கீழிருந்த புகார்ப் புத்தகத்தைத் தானே எடுத்துப் புரட்டினாள். ஞாயிறு பக்கத்தில் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"மதியம் ரெண்டு ஐம்பத்தஞ்சு. தொலைபேசி மூலம். பதினேழாம்..."

அவள் நின்றுவிட்டாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு அவள் மணி அடிக்கும் கதவில் இருக்கும் எண் அது.

மிச்சத்தைத் துப்பறிவாளர் அவள் தோளுக்கு மேலாகப் படித்தார். அந்த அழகான கையெழுத்தில், ஒரு எழுத்துக்கூடத் தவறாமல் எழுதியிருந்தது. 'எங்கோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தூங்க முடியவில்லை. யாராக இருந்தாலும் நிறுத்தச் சொல்லவும்.'

"கட்டட வீட்டுல தட்டுறாங்கன்னுதான் முதல்ல சொன்னீங்க சார்," என்றார் காவலாளி, ஏதோ தன் தப்பைச் சொல்வது போல. "அது மூணு வாரமாப் பூட்டிக் கிடக்குதேன்னேன். 'அப்போ யாரா வேணா இருக்கட்டும், நிறுத்தச் சொல்லுங்க'ன்னீங்க. சத்தம் நின்னதும் நான் திரும்ப ஃபோன் பண்ணினேன். ரொம்ப நன்றின்னு சொன்னீங்க."

பஞ்சு விலகிவிட்டது. எல்லாம் ஞாபகம் வந்தது. பூட்டிக் கிடக்கிறது என்று அவர் காதில் விழுந்ததும் உண்மை. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டதும் உண்மை. நன்றி சொல்லிவிட்டு அவர் சாயங்காலம் ஆறு மணிவரை அசந்து தூங்கினார். எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. தெரு எவ்வளவு அமைதி என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் முப்பதடி தள்ளி, ஒரு மனிதர் தடியைக் கீழே வைத்துவிட்டுப் படுத்திருந்தார்.

அவர் புத்தகத்தை வாங்கினார். கட்டைவிரல் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் போய் நின்றது.

"கிழிக்கணும்னாக் கிழிச்சிடுங்க சார்," என்றார் காவலாளி மெதுவாக. "நான் மூச்சு விட மாட்டேன்."

கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. அதுதான் துப்பறிவாளரை அதிகம் சுட்டது. ஒரு பக்கம், ஓர் இழுப்பு. மகள் கேட்டது ஒரு முகம். காவலாளிக்கும் முகம் இருந்தது. எழுதியவர் இவர், கையெழுத்து பொருந்துகிறது, பலகையே சாட்சி. துப்பறிந்த வேலையில் ஒரு பொய்கூட இருக்காது. இப்படியெல்லாம் தன் மூளை வரிசையாக எடுத்துக் கொடுப்பதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். எத்தனை பேர் அவருக்கு எதிரில் உட்கார்ந்து இதே மாதிரி நியாயம் பேசியிருக்கிறார்கள். கழுத்து சுட்டது. எங்கே சிவந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கியர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

"அண்ணா," என்றாள். "டிரைவிங் ஸ்கூல் வண்டியில என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஆள் தப்பாப் போனா நான் மிதிச்சிடுவேன். இது உங்க வண்டி. என் பக்கம் பிரேக் இல்லை."

அவர் விரலை எடுத்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"இதை நான் கொண்டு போறேன்," என்றார் காவலாளியிடம். "நாளைக்குத் திருப்பித் தரேன். செயலாளர் கேட்டா பதினேழாம் நம்பர் எடுத்துட்டுப் போனாருன்னு சொல்லுங்க. சீட்டு என் பேச்சைக் கேட்டு எழுதினது. அதையும் சொல்லுங்க. உங்களுக்கு வேலை போகாம நான் பார்த்துக்கறேன்."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கியர்தான் வண்டி ஓட்டினாள். முன்னால் ஒருவன் சிக்னல் போடாமல் திரும்பினான். வழக்கமாக அதற்கு அவளிடம் பத்து வசனம் இருக்கும். அன்று வேகத்தைக் குறைத்து வழிவிட்டாள். வண்டியை நிறுத்தியதும், "நானும் வரட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்."

நாலு மணிக்கு இரண்டாவது மாடி அறையில் வெயில் கட்டில்வரை நீண்டிருந்தது. கேப்டனைத் தெருவில் பார்க்கும்போது உயரமான மனிதராகத் தெரிவார். கட்டிலில் ஒரு பக்கமாக ஒடுங்கியிருந்தார். உதடு வெடித்திருந்தது. மகள் தலைமாட்டில் நின்றாள்.

"பதினேழாம் நம்பர்," என்றார் கேப்டன். அடையாளம் கண்டுகொண்டதில் அவருக்கு ஒரு சந்தோஷம். "வாங்க, உட்காருங்க. ஆறு வருஷமா எதிரெதிரே இருக்கோம், இப்பதான் ஒரு வார்த்தை பேசறோம். ஞாயித்துக்கிழமை உங்களுக்கும் தொந்தரவா இருந்திருக்கும். மன்னிச்சிக்கணும். என்னால வேற ஒண்ணும் செய்ய முடியலை."

 நாற்காலி பக்கத்தில் இருந்தும் துப்பறிவாளர் உட்காரவில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து மகளிடம் நீட்டினார்.

"எழுதினது காவலாளி. எழுத வச்சது பதினேழாம் நம்பர். நான்தாம்மா."

அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது அவருக்கு. தரை பிளந்தால் இறங்கிவிடுவார். ஆனால் அவள் கேட்டது முகத்தை. அதைத் தவிர அவர் கொடுக்கக்கூடியது வேறெதுவும் இல்லை.  அவள் பார்க்கிறவரை அப்படியே நின்றார். வெகு நேரம் பார்த்தாள்.

"கட்டட வேலைச் சத்தம்னு காலையில என்கிட்ட சொன்னீங்க," என்றாள்.

"அப்படித்தான் நினைச்சேன். அது பூட்டியிருக்குன்னு அன்னைக்கே எனக்குச் சொன்னாங்க. எனக்குத் தூக்கம்தான் பெரிசாத் தெரிஞ்சுது. அஞ்சு அஞ்சாத் தட்டினதை எண்ணிக்கிட்டுதான் படுத்திருந்தேன்."

"அஞ்சுன்னு எண்ணினீங்களா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "கப்பல்ல அஞ்சு குறுகின ஊதல்னா ஆபத்துன்னு அர்த்தம். கடலுக்குப் பக்கத்துல இருக்கிறவங்க, யாருக்காவது தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். எனக்குத்தான் பழக்க தோஷம். அது எப்படி எல்லாருக்கும் தெரியும்." தன் முட்டாள்தனத்தைச் சொல்லிவிட்ட மாதிரி அவர் போர்வையை நீவிவிட்டுக்கொண்டார்.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் இரண்டு தடவை குலுங்கி அடங்கியது.

"ஞாயித்துக்கிழமைதான் நான் அப்பாவுக்கு ஃபோன் பண்ற நாள்," என்றாள், திரும்பாமல். "அன்னைக்குப் பண்ணினேன். எடுக்கலை. எங்கயாவது நடக்கப் போயிருப்பாருன்னு விட்டுட்டேன். மறுபடி செவ்வாய்க்கிழமைதான் ஞாபகம் வந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "உங்களை நான் மன்னிக்கலை. அதைத் தெளிவாச் சொல்லிடறேன். ஆனா அடுத்த மாசம் நான் திரும்பிப் போயாகணும். இவர் என்கூட வர மாட்டாரு. இனிமே விழுந்தாலும் தட்ட மாட்டாரு, எனக்கு இவரைத் தெரியும். அதனால நீங்க போய்த் தட்டுங்க. தினமும். கதவைத் திறந்து முகத்தைக் காட்டற வரைக்கும் தட்டுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா," என்றார் கேப்டன். "அவருக்கு ஆயிரம் வேலை."

"தட்டறேன்," என்றார் துப்பறிவாளர்.  கட்டிலருகே குனிந்தார். "சொல்லுங்க, காலையில எத்தனை மணிக்கு வரட்டும்?"

கேப்டன் கொஞ்சம் யோசித்தார்.

"ஏழுக்கு மேல வாங்க," என்றார். "அதுக்கு முன்னாடி தட்டினா, பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவா இருக்கும்."